மூலைக்கல்லிலிருந்து ஒன்றரை மடங்கு

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சந்திரனின் வீடு மலாக்காவில் இருப்பதாகக் கடிதம் வந்தது. அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் அவர் அதைப் படித்தார்.

கடிதம் சுற்றி வளைக்கவில்லை. 'புதிய திட்டப்படத்தின்படி தங்கள் வீடு (12, 9) என்னும் புள்ளியில் உள்ளது. மாநில எல்லை பதினோராம் கோட்டோடு முடிந்துவிடுவதால், தங்கள் வீடு மலாக்கா மாநிலத்தில் இருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எனவே நெகிரி செம்பிலானில் தங்களுக்கு மனை கிடையாது. தவிரவும், தாங்கள் இப்போது வசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் படத்தின்படி கட்டடம் ஏதுமில்லை. படத்தில் இல்லாத கட்டடங்கள் யாவும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூலைக்கல்லில் தொடங்கி வரிசையாக அகற்றப்படும்.' கீழே ஜீவானந்தன், செயலாளர், குடியிருப்பு நிலைநிறுத்தக் குழு என்று கையெழுத்து.

இந்தக் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தம்பினுக்குக் கிழக்கே, மலாக்கா எல்லையை உரசிக்கொண்டு கிடக்கும் க்ளென்வாலி செம்பனைத் தோட்டம் கைமாறியபோது, அங்கே முப்பது வருடமாகக் குடியிருந்த இருபத்து மூன்று குடும்பங்களுக்கும் அவரவர் வீடு நிற்கும் மனையையே சொந்தமாக எழுதிக் கொடுப்பதென்று முடிவானது. நல்ல முடிவு. ஒரே நாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் மக்கள் மதிக்கமாட்டார்கள் என்பதால், வீடுகள் எங்கே நிற்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். வீடுகளை வெளியே போய்ப் பார்த்தாலே தெரிந்திருக்கும். குழு பதினெட்டு மாதம் உள்ளே உட்கார்ந்து பார்த்தது.

மற்ற இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் அன்றைக்கே கடிதம் வந்திருந்தது. அவற்றுக்குத் தங்கக் கரை போட்டிருந்தது. மனை எண், புள்ளி எண், வாழ்த்து எல்லாம் இருந்தன. சந்திரனுக்கு மட்டும் வெறும் காகிதம். அவர் அறுவடை மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். மண்டோர் வீடு, லயம் என்னும் வீட்டு வரிசையை விட்டு விலகிக் கிழக்குக் கோடியில் தனியாக நிற்கும். அதுவே வினையாகிவிட்டது.

சுங்கை காடுட் தொழிற்சாலையிலிருந்து மனைவி பஞ்சாலை வந்து இறங்கும்போது மணி ஆறரை.

"என்னாங்க, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"நம்ம வீடு மலாக்காவுல இருக்காம்."

"அப்ப நாளைக்கு பேக்டரி பஸ்ஸு என்னைய எங்க வந்து ஏத்தும்?" என்று சிரித்தபடி கடிதத்தை வாங்கினாள். பாதி படித்ததும் சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கெழம இடிக்கிறாங்களா? இந்த வெள்ளியா?"

இந்த வெள்ளிதான். பஞ்சாலை சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றாள். இருபத்தாறு வருடம் வாழ்ந்த வீடு. 

மறுநாள் காலை எட்டு மணிக்கே குழுவின் அலுவலகத்துக்குப் போய்விட்டார். தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு கல் நட்டிருக்கும், அதுதான் மூலைக்கல். அதன்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் கட்டியிருந்த பழைய கிராணி ஆபீசில், தோட்டக் கணக்கர் அறையில்தான், குழு குடியிருந்தது. குளிர்சாதனம் புதிது. முகப்பில் இருந்த விஜிதா படம் வரைகிற பெண். கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஐயா, உங்களது மலாக்கா கேசு. இங்க பாக்க மாட்டோம்."

"நான் இப்ப வீட்டுலேர்ந்துதாம்மா வர்றேன். மோட்டார்ல அஞ்சு நிமிஷம்."

"அது நீங்க வந்த வீடு ஐயா. பிளான்ல இருக்கிற வீடு வேற."

செயலாளர் ஜீவானந்தன் உள்ளேயிருந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நிதானமான பேச்சு. வீடு மலாக்காவில் இல்லை என்பதற்கு மலாக்காவிலிருந்து ஓர் அத்தாட்சி கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம் என்றார். ஒரு வீடு ஓரிடத்தில் இல்லை என்று அத்தாட்சி தருகிற அலுவலகம் எது என்று சந்திரனுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் எல்லைக் கால்வாயைத் தாண்டி, செம்மண் பாதையில் மோட்டாரை விட்டார். கடிதம் சொன்ன இடத்தில் ஒரு கோழிக் கொட்டகை இருந்தது. அந்தக் கம்பத்தின், அதாவது மலாய்க் கிராமத்தின், தலைவர் நல்ல மனிதர். விஷயத்தை இரண்டு முறை கேட்டு, மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டு, 'இங்கே வீடு இல்லை, கோழிகள் மட்டுமே உள்ளன' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஜீவானந்தன் அதை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது உங்களுக்கு நல்லதில்லையே, மிஸ்டர் சந்திரன். பிளான்ல அங்க வீடு இருக்கு. நேர்ல இல்லன்னு அவரு எழுதிக் குடுத்திருக்காரு. அப்ப நீங்க வீட்ட நகர்த்தியிருக்கீங்க. பெர்மிட் எடுத்தீங்களா?"

 ஒருவேளை படம் தப்பாக இருக்கலாமே என்றார் சந்திரன். அந்த அறையில் யாரும் அப்படி ஒரு பேச்சைப் பேசியதில்லை போலிருக்கிறது. உள்ளே தட்டச்சு சத்தம்கூட நின்றது.

"செக் பண்ணாமலா தலைவர் டத்தோவிட்ட கையெழுத்து வாங்கினோம்?" என்றார் ஜீவானந்தன். கோபம் இல்லை, பொறுமையாகத்தான் விளக்கினார். "ஏழு பேர் சேந்து செக் பண்ணினோம். மூலைக்கல்லு நம்ம ஆபீசுக்குக் கீழ. பழைய பிளான்ல நம்ம ஆபீஸ் கோசோங், கோசோங். புது பிளான்லயும் கோசோங், கோசோங். ஒரு இஞ்சு நகரல்ல. ஆபீஸ் சரியா இருந்தா மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கும்? இந்த வெயில்ல ஒவ்வொரு வீடா போய்ப் பாக்கச் சொல்றீங்களா?"

கோசோங் என்றால் பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம் என்பதை ஏழு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிப்பது அவர்கள் பொறுப்பில் வராது.

சந்திரன் வெளியே வந்து தலைக்கவசத்தை மாட்டும்போது விஜிதா பின்னாலேயே வந்தாள். கையில் ஒரு படிவம். மற்றவர் கண்ணுக்கு அது படிவம் கொடுப்பதாகவே தெரிந்திருக்கும்.

"ஐயா, நான் சொன்னதா சொல்லாதீங்க. போன வருஷம் கையெழுத்து விழாவுல பழைய பிளான் டத்தோ கண்ணுக்குத் தெரியல. பெருசாக்கச் சொன்னாங்க. மூலைக்கல்ல அப்படியே புடிச்சுகிட்டு படத்த மட்டும் பெருசாக்கினேன். அடியில இருக்கிற கட்டக் கோட்டையும் சேத்து பெருசாக்கணும்னு சொன்னேன்லா. பெரிய கட்டம் பிள்ளைங்க நோட்டு மாதிரி அசிங்கமா இருக்கு, வேணாம்னுட்டாங்க. தங்கப் பேனாவுல கையெழுத்தும் போட்டாச்சு."

"எத்தன மடங்கும்மா பெருசாக்குன?"

விஜிதா உதட்டைக் கடித்தாள். "அது ஃபைல்ல இல்ல ஐயா. ஃபைல்ல இல்லாதத நான் சொன்னா என் வேல போயிரும். மடங்கு என்னான்னு மனுதாரரே கண்டுபிடிச்சு இந்தப் படிவத்துல எழுதணும். கொறஞ்சது மூணு புள்ளி காட்டணும். நாளைக்கு ரெண்டு மணிக்குக் கடைசிக் கூட்டம்."

படிவத்தின் தலைப்பு 'அளவுக் காரணி கண்டறிதல் விண்ணப்பம்' என்றிருந்தது. தொலைத்தவர்கள் அலுவலகத்தில் இருக்க, கண்டுபிடிக்க வேண்டியவர் சந்திரன்.

ஆனால் குழு ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. செம்பனைத் தோட்டத்து மண்டோருக்கு எண்கள் புதிதல்ல. பழக்குலை வெட்டுகிறவனை அனுப்பும்போது 'நாற்பத்திரண்டாவது வரிசை, பதினேழாவது மரம்' என்றுதான் சொல்லி அனுப்புவார். வரிசைகளை மூலைக்கல்லிலிருந்து கிழக்கே எண்ண வேண்டும், மரங்களைத் தெற்கேயிருந்து வடக்கே எண்ண வேண்டும். பழைய படத்தில் பத்து வரிசை ஒரு கட்டம், பத்து மரம் ஒரு கட்டம். இருபத்தாறு வருடமாக அவர் நடந்தது அந்தப் படத்தின் மேலேயேதான்.

வியாழன் காலை, பனி விலகுமுன் மூலைக்கல்லில் தொடங்கி நடந்தார். தெரிந்த கணக்குதான், இருந்தாலும் எண்ணினார். அவர் வீடு எண்பதாவது வரிசை, அறுபதாவது மரம். அப்படியானால் பழைய படத்தில் (8, 6). கடிதத்தில் (12, 9). எட்டு எத்தனை மடங்கானால் பன்னிரண்டு? ஒன்றரை. ஆறு எத்தனை மடங்கானால் ஒன்பது? அதுவும் ஒன்றரை.

லயத்தில் ரவிச்சந்திரன் வீட்டுக்குப் போனார். நாற்பதாவது வரிசை, அறுபதாவது மரம். (4, 6). தங்கக் கரைக் கடிதத்தில் (6, 9). மறுபடியும் ஒன்றரை. அறுபதாவது வரிசை, தொண்ணூறாவது மரம் என்று மனத்துக்குள் நடந்து போய்ப் பார்த்தார். அங்கே மரம் கிடையாது, ரயில் தண்டவாளம் ஓடுகிறது.

அப்போதுதான் அவருக்கு மற்றதும் உறைத்தது. அதுவரை தன் வீட்டை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற இருபத்திரண்டு வீடுகளும் படத்தில் வேறெங்கோ இருக்கின்றன. இப்போது நிற்கும் இடத்தில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. படத்தில் இல்லாததெல்லாம் நாளைக் காலை ஒன்பது மணிக்கு இடிபடும். தங்கக் கரை போட்ட கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிற அத்தனை பேர் தலையிலும் கூரை விழப்போகிறது.

அடுத்து எச்சரிக்கப் போன வீட்டில் மங்கம்மா தன் கடிதத்தைக் கண்ணாடி உறைக்குள் போட்டு, மூலையில் மஞ்சள் தடவி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள்.

"பாத்தியா சந்திரா, ஒம்போதுக்கு ஒம்போது! எவ்வளவு ராசியான நம்பரு!"

"அக்கா, உங்க வீடு ஆறுக்கு ஆறு. ஒம்போதுக்கு ஒம்போது எது தெரியுமா? ஆலைக் கழிவுக் கொளம். தண்ணிக்குள்ள மனை குடுத்திருக்காங்க. நாளைக்கு இந்த வீட்டையும் இடிச்சிருவானுங்க."

மங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நேற்றுவரை 'மண்டோரே' என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்தான்.

"உன் வீடு போச்சு, எனக்குந்தான் மனசு கஷ்டமா இருக்கு. அதுக்காக எங்க வீடும் போவணும்னு நெனைக்காத. கவுர்மெண்டு மாதிரி சீலு போட்டிருக்கு, தங்கக் கர போட்டிருக்கு. ஒனக்குப் போடல. அதான் வயித்தெரிச்சலு."

கதவு சாத்திக்கொண்டது. மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். குமுதவல்லி மட்டும் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள், ஆனால் நம்பவில்லை. சந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு படிவத்தை நிரப்பினார். மூன்று புள்ளிகள். காரணி ஒன்றரை.

இரண்டு மணிக் கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. குழுத் தலைவர் டத்தோ ராமகிருஷ்ணன் நடுவில் இருந்தார். தட்டில் கறிபாப் பலகாரம் இருந்தது. முதலில் அவர் பேசினார்.

"நம்ம தோட்டத்து மக்கள் சின்னச் சின்ன வீட்டுல இருந்தாங்க. பாத்து என் மனசு ஒடஞ்சு போச்சு. இன்னைக்கு நம்ம பிளான்ல ஒவ்வொரு வீடும் ரெண்டேகால் மடங்கு பெருசு! ஒரு செங்கல்லு வைக்காம இத நாம செஞ்சிருக்கோம். இந்த நாட்டுலயே வேற எந்தக் குழுவும் இப்படிச் செஞ்சதில்ல."

கைதட்டினார்கள். பிறகு சந்திரன் எழுந்து மூன்று வீடுகளின் எண்களைச் சொன்னார். எட்டு பன்னிரண்டானது, ஆறு ஒன்பதானது, நாலு ஆறானது. விஜிதாவைக் கூப்பிட்டுக் கணிப்பானில் வகுக்கச் சொன்னார்கள். ஒன்று புள்ளி ஐந்து. மறுபடி வகுக்கச் சொன்னார்கள். ஒன்று புள்ளி ஐந்து.   ஒப்புக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று சந்திரன் நினைத்தார்.

ஒப்புக்கொள்ளத்தான் செய்தார்கள். 'அளவுக் காரணி ஒன்றரை எனக் குழு கண்டறிந்தது' என்று குறிப்பேட்டில் எழுதி, தங்களுக்குத் தாங்களே நன்றி தெரிவித்துக்கொண்டார்கள்.

"அப்ப பிளான் தப்புதானுங்களே டத்தோ?" என்றார் சந்திரன்.

"எப்படித் தப்பு?" டத்தோ உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஒரு வீட்டுக்கு ஒன்னரை, இன்னொரு வீட்டுக்கு ரெண்டுன்னு இருந்தா அது தப்பு. இருபத்து மூணு வீட்டுக்கும் ஒரே ஒன்னரை. அப்ப இது கொள்கை."

"அந்த மடங்க ஒன்னுன்னு போட்டுருங்க டத்தோ. அவ்வளவுதான். எல்லா வீடும் இருக்கற எடத்துக்கு வந்துரும். இல்லாட்டி நாளைக்கு அத்தன வீடும் போயிரும்."

"ஒன்னா?" டத்தோவின் கையில் கறிபாப் அந்தரத்தில் நின்றது. "பதினெட்டு மாசம் வேல செஞ்சிட்டு, எல்லா வீடும் இருந்த எடத்துலயேதான் இருக்கு, இருந்த அளவுலயேதான் இருக்குன்னு நான் மேடையில போயி சொல்லவா? அதச் சொல்றதுக்கு எதுக்கு ஒரு குழு? ஒன்னுன்னு எழுதினா நாங்க ஒன்னுமே செய்யலன்னு ஆயிரும்லா."

இந்த வாக்கியத்தையும் எழுத்தர் குறிப்பேட்டில் பதிந்துகொண்டார்.

ஜீவானந்தன் தொண்டையைச் செருமினார். மனிதர் கெட்டவர் இல்லை. வாசலுக்கு வந்த மனுவை முடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"டத்தோ, ஒரு வழி இருக்கு. மடங்கு ஒன்னரையாவே இருக்கட்டும். இப்ப மூலைக்கல்லு மையம். அதுக்குப் பதிலா மிஸ்டர் சந்திரன் வீட்ட மையமா வச்சு பெருசாக்கினா, அவர் வீடு நகராது. மையம் எப்பவும் நகராதுதானே? அவர் பிரச்சினை தீர்ந்துது. ஃபைலையும் மூடிரலாம்."

"மத்தவங்க வீடு?" என்றார் சந்திரன்.

"மத்தவங்க யாரும் மனு போடல்லயே."

ஒரு தாளை நகர்த்தி வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் சந்திரன் வீடு பிழைத்தது. பஞ்சாலை நிம்மதியாகத் தூங்குவாள். அவர் பேனாவைத் தொடாமல் மனத்துக்குள் கணக்குப் போட்டார். மங்கம்மா வீடு அவர் வீட்டிலிருந்து மேற்கே இருபது வரிசை. ஒன்றரை மடங்கானால் முப்பது வரிசை. படத்தில் அவள் வீடு குமுதவல்லியின் சமையலறைக்குள் போய் நிற்கும். ரவிச்சந்திரன் இன்னும் மேற்கே போவான். போடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போதும் அவருடைய மண்டோர் புத்தி நிற்கவில்லை. வரிசை எண்ணத் தொடங்கினால் மூலைக்கல்வரை எண்ணித்தான் முடிப்பார். அவர் வீட்டிலிருந்து இந்த ஆபீஸ் மேற்கே எண்பது வரிசை, தெற்கே அறுபது மரம். ஒன்றரை மடங்கு என்றால் நூற்று இருபது வரிசை, தொண்ணூறு மரம். மூலைக்கல்லையும் தாண்டி மேற்கே நாற்பது வரிசை, தெற்கே முப்பது மரம். அங்கே தோட்டமே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் சீனர் இடுகாடு. படத்தாளோ மூலைக்கல்லில்தான் தொடங்குகிறது. ஆக, இந்த ஆபீஸ் படத்தைவிட்டே வெளியே விழுந்துவிடும்.

 சந்திரன் சுற்றிப் பார்த்தார். ஏழு பேரும் கறிபாப் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சார், நாளைக்கு மெஷினு எங்கேருந்து ஆரம்பிக்கும்?"

"மூலைக்கல்லுலேர்ந்து. விதி அப்படித்தான்," என்றார் ஜீவானந்தன்.

சந்திரன் கையெழுத்துப் போட்டார்.  விஜிதா தாளை வாங்கி, புதுப் படத்துக்குப் புள்ளி குறிக்கத் தொடங்கினாள். ஓரிடத்தில் பென்சில் நின்றது. நிமிர்ந்து சந்திரனைப் பார்த்தாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"சார், படத்தாளு எங்கேருந்து தொடங்கணும்?" என்று செயலாளரைக் கேட்டாள்.

"எப்பவும்போல மூலைக்கல்லுலேர்ந்து. இதெல்லாம் கேக்கணுமா?"

"சரி சார்," என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள். டத்தோ படத்தைப் பார்க்காமலே தங்கப் பேனாவால் கையெழுத்திட்டுவிட்டு, போர்ட் டிக்சனில் வேறு விழா இருக்கிறதென்று கிளம்பிப் போனார்.

சந்திரன் வீட்டுக்கு வருமுன்பே செய்தி வந்துவிட்டது. மண்டோர் தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டார் என்று குழாயடியில் பேச்சு. இடிபடப் போகிறது என்று அவர் சொன்னதை நம்பாதவர்கள், அவர் தப்பித்துக்கொண்டதை மட்டும் உடனே நம்பினார்கள். பஞ்சாலை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆபீஸ் எங்கே போகும் என்று அவர் மெல்லச் சொன்ன பிறகுதான் திரும்பினாள்.

"காலைக்குள்ள அவங்கள்ல ஒருத்தன் கணக்குப் போட்டுப் பாத்துட்டா?"

"ஆபீச மட்டும் காப்பாத்திகிட்டு லயத்த இடிச்சிருவானுங்க. மங்கம்மா அக்கா வீடு, எல்லாம். அது என் கையெழுத்தால ஆனதா இருக்கும். பயமா இருக்கு பஞ்சால."

அவள் மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்வாரி இயந்திரம் வந்தது. ஓட்டுநர் புவனேஸ்வரன் லுக்குட்காரர். வேலையில் கண்டிப்பானவர். ஒப்பந்தத் தாளையும் படத்தையும் கண்ணெதிரே ஒட்டிவைத்துக்கொண்டுதான் விசையைத் தொடுவார். குழுவினர் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். லயத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மங்கம்மா கடிதத்தோடு வந்திருந்தாள்.

புவனேஸ்வரன் படத்தைப் பார்த்தார். கட்டடத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"சார், இந்தக் கட்டடம் பிளான்ல இல்லையே."

ஜீவானந்தன் சிரித்தார். "அது நம்ம ஆபீசப்பா. கோசோங், கோசோங். போ, மேல போ."

"கோசோங் கோசோங்குல வெறும் வெள்ளதான் சார் இருக்கு. மூலைக்கல்லுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு இதுல போட்டிருக்கு." இயந்திரத்தின் கை உயர்ந்தது. முதலில் மின்கம்பி அறுந்தது. குளிர்சாதனம் அடங்கியது. அப்புறம் முகப்புத் தகரம் ஒரு முழம் நசுங்கிய சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"நிறுத்து! நிறுத்து!" ஜீவானந்தனின் சட்டை முதன்முறையாகக் கசங்கியது.

"நிறுத்தச் சொல்லி எழுத்துல குடுங்க சார். பத்து நிமிஷம் தர்றேன். எனக்கு அடுத்த வேல தம்பின்ல இருக்கு."

கால்வாயோரத்தில் நின்றபடியே அவசரக் கூட்டம் கூடியது. டத்தோ தொலைபேசியில் கத்தியது எல்லாருக்கும் கேட்டது. "மையத்த திருப்பி ஆபீசுக்கே கொண்டு வா! இப்பவே!"

சந்திரன் பயந்தது இதற்குத்தான். மையம் ஆபீசுக்குத் திரும்பினால் ஆபீஸ் பிழைக்கும், இருபத்து மூன்று வீடும் போகும். ஜீவானந்தன் பேனாவை எடுத்துவிட்டார்.  சந்திரன் முன்னால் போய் நின்றார்.

"சார், மையத்த மாத்துனா படம் புதுசா வரையணும்ல? எங்க அச்சடிப்பீங்க?"

எல்லாரும் விஜிதாவைப் பார்த்தார்கள்.

"பிரிண்டர் உள்ள இருக்கு சார்," என்றாள் அவள். "கரண்டும் இல்ல."

"ஏழு நிமிஷம்," என்றார் புவனேஸ்வரன் மேலேயிருந்து.

"மடங்கு ஒன்னுன்னா வரைய வேணாம் சார்." என்றார் சந்திரன். "மையம் ஆபீசுல வச்சாலும் ஒன்னுதான், என் வீட்டுல வச்சாலும் ஒன்னுதான். ஒன்னும் நகராது. பழைய படமே போதும். இந்தாங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். மண்டோர்கள் மரம் எண்ண வைத்திருக்கும் படம், நாலாய் மடித்து, எண்ணெய் படிந்தது.

"ஒன்னுன்னு எழுதினா நாம ஒன்னும் செய்யலன்னு…" என்று ஓர் உறுப்பினர் ஆரம்பித்தார். இயந்திரக் கை இன்னும் ஒரு சாண் இறங்கியது. அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பதினெட்டு மாதம் ஆகாத வேலை அப்புறம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஜீவானந்தன் இயந்திரத்தின் சக்கரப் பட்டையில் தாளை வைத்து 'அளவுக் காரணி: 1' என்று எழுதினார். ஏழு பேரும் வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள். டத்தோ தொலைபேசியிலேயே ஒப்புதல் சொன்னார்.

புவனேஸ்வரன் பழைய படத்தை வாங்கி ஒட்டிக்கொண்டார். அதில் ஆபீஸ் இருந்தது. விட்டுவிட்டு லயத்துப் பாதையில் இயந்திரத்தைத் திருப்பினார். அவருக்கு ஒவ்வொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். ரவிச்சந்திரன் வீட்டு முன் நிறுத்தி, வரிசை எண்ணி, "இருக்கு" என்று குறித்தார். குமுதவல்லி வீடு, "இருக்கு." தலைக்கு மேலே அந்த இரும்புக் கை ஆடிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் லயத்து ஆட்களுக்கு நேற்று மண்டோர் சொன்னது புரிந்தது.  சந்திரன் இயந்திரத்தின் பின்னாலேயே நடந்தார், எங்கே எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று அவரும் கூடவே எண்ணிக்கொண்டு.

மங்கம்மா வீட்டு முன் இயந்திரம் நின்றபோது அவள் குறுக்கே போய்க் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். புவனேஸ்வரன் எண்ணிப் பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

"ஆறுக்கு ஆறு. இருக்கு."

மங்கம்மா கதவை விட்டு நகரவில்லை. 

"சந்திரா, ஒன்னுன்னு எழுதினாங்களே, அப்படின்னா என்னா?"

"இருக்கற எடத்துலயே இருக்கறது, அக்கா."

"இருக்கற எடத்துல இருக்கறதுக்கா ஏழு பேரு கையெழுத்துப் போட்டானுங்க?"

 சந்திரன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இயந்திரம் அடுத்த வீட்டுக்குப் போய் நின்று எண்ணத் தொடங்கியது.